யாருடைய குமட்டல்

ஜெனிட்டா அந்த நாவலின் முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே வாந்தி எடுத்துவிட்டாள்.

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் தளத்தில் வரிசையாகக் கண்ணாடி அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு திரை, கழுத்தில் போட்டுக்கொள்ள மெத்தென்று ஒரு பட்டை. முன்பெல்லாம் ஒரு புத்தகத்தின் பெயரைத் தேடினால் அதைப்பற்றிப் பத்திரிகைகளில் வந்த மதிப்புரைகள் வரும். நாலு பேர் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். படித்துப் பார்த்து நாமே ஒரு முடிவுக்கு வரவேண்டும். அதற்கெல்லாம் இப்போது யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது இருப்பது உணர்வுரை. பட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினால், அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களின் உடம்பில் என்னவெல்லாம் நடந்ததோ அதன் சாரம் அரை நிமிஷம் நம் உடம்பில் நடக்கும். நெஞ்சு குளிரும், கண் கசியும், சில புத்தகங்களுக்கு முதுகுத்தண்டில் எறும்பு ஓடும். பிடித்திருந்தால் புத்தகத்தை எடுக்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்தது.

ஜெனிட்டா தேடியது மெட்டில்டா என்பவர் எழுதிய ‘செதில் கைகள்’. கருவாடு காயவைக்கும் களத்தில் வேலை பார்த்த பெண் எழுதிய நாவல் அது. மெட்டில்டா அந்த ஒரே புத்தகத்தை எழுதிவிட்டு இறந்துபோனார். ஜெனிட்டாவின் ஊர்க்காரர்தான். அதே களத்தில்தான் ஜெனிட்டாவின் அம்மா இன்றைக்கும் மீனைக் கீறி உப்புப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள். கடற்கரை நாவல்கள்பற்றி ஆய்வு செய்ய வந்தவள் இந்தப் புத்தகத்தை விட்டுவிட்டு வேறு எதைத் தொடுவாள்?

பொத்தானை அழுத்தினாள். முதலில் வாயில் எச்சில் ஊறியது. பிறகு தொண்டைக்குள் ஏதோ வழுவழுப்பாக மேலே ஏறியது. உள்ளங்கை பிசுபிசுத்தது. கையை எதிலாவது தேய்த்துக் கழுவினால்தான் ஆச்சு என்று ஒரு தவிப்பு. தோல் முழுக்க எதுவோ ஒட்டிக்கொண்டு நெளிவதைப்போல ஓர் அருவருப்பு. பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் குப்பைக்கூடைக்கு ஓடினாள்.

அடுத்த அறையில் இருந்த மாணவன் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தான். “அந்தக் கருவாட்டு புக்கா? அதை ஏன் போய் எடுத்தீங்க? எல்லாருக்கும் தெரியுமே” என்றான்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனாள். அம்மா சலேத்தம்மாள் மகள் வருகிறாள் என்று நெத்திலிக் கருவாடு போட்டுப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அந்தக் குழம்புக்காகவே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருகிறவள் ஜெனிட்டா. தட்டைப் பார்த்ததும் தொண்டைக்குள் அந்த வழுவழுப்பு மறுபடி ஏறியது. வாயை மூடிக்கொண்டாள்.

“என்னட்டி, சோறு எறங்கலியா?”

“ஒண்ணும் இல்லம்மா. பஸ்ஸுல வந்தது வயித்தப் பெரட்டுது.”

“கொஞ்சூண்டு தின்னுட்டுப் படு, மக்ளே” என்று சலேத்தம்மாள் ஒரு கவளம் பிசைந்து மகளின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஜெனிட்டா முகத்தைத் திருப்பினாள். திருப்பியது சோற்றைப் பார்த்து அல்ல, கையைப் பார்த்து. நகக்கண்ணில் வெள்ளையாக அப்பியிருந்த செதிலைப் பார்த்து. அதை மறைக்க அவளால் முடியவில்லை. வயிறு ஒருமுறை பெரிதாக எக்கியது.

சலேத்தம்மாள் கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்து போனாள். பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன. எலுமிச்சம்பழத்தோலைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு மகள் வரும் நாட்களில் வீட்டில் சாம்பார்தான். சலேத்தம்மாள் குளித்துவிட்டுத்தான் மகளுக்குப் பக்கத்தில் வருவாள். வந்தாலும் ஓர் எட்டுத் தள்ளியே உட்காருவாள். “படிச்ச புள்ளைக்கு நாத்தம் ஒத்துக்காது, அதுல என்ன இருக்கு” என்று ஒருநாள் பக்கத்து வீட்டில் அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஜெனிட்டாவின் காதில் விழுந்தது. பெற்ற தாயிடம் இப்படி நடந்துகொள்கிறோமே என்று தன்மீதே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. மனசு எவ்வளவு சொன்னாலும் தொண்டை கேட்கவில்லை.

நூலகத்தில் உணர்வுரைப் பிரிவைப் பார்த்துக்கொண்டது துணை நூலகர் மும்தாஜ். ஜெனிட்டா நேராக அவரிடம் போய் நின்றாள்.

“மேடம், நான் அந்தப் புத்தகத்தை இன்னும் படிக்கவே இல்ல. ஆனா அதுக்குள்ள இருக்கிற மனுஷங்களப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது. என் அம்மாவப் பார்த்தா குமட்டுது. என்னதான் இருக்கு அந்த மெஷின்ல?”

மும்தாஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “உட்காரும்மா. இதை முதல்லயே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கணும். யாரும் கேட்கல. படிக்கிறவங்களோட தொண்டை, வயிறு, தோல், மூச்சு, இதையெல்லாம் பட்டை பதிவு பண்ணும். வயிறு பெரட்டுச்சுன்னா பெரட்டுச்சுன்னு பதிவாகும். எந்தப் பக்கத்துலன்னுகூடப் பதிவாகும். எதுக்காகப் பெரட்டுச்சுன்னு பதிவாகாது.”

“அப்படின்னா?”

“உனக்கு வர்றது வெறும் குமட்டல். காரணம் அதோட சேர்ந்து வராது. காரணமில்லாம உடம்பால இருக்க முடியாதில்லையா? பக்கத்துல என்ன இருக்கோ அதைப் பிடிச்சுக்கும். கருவாட்டுப் புத்தகம்னு தெரியும். அப்ப கருவாடுதான் காரணம்னு உடம்பு முடிவு பண்ணிக்கும். கருவாட்டைத் தொடுற கை காரணம்னு முடிவு பண்ணிக்கும்.”

“படிச்ச எல்லாருக்குமா குமட்டியிருக்கு?”

“இல்ல” என்று மும்தாஜ் திரையைத் திருப்பினார். “முதல்ல படிச்சது ஒருத்தர்தான். இந்தத் திட்டம் வந்த புதுசுல, சோதனைக்காக. அவரோட பதிவு ரொம்ப அழுத்தமானது. அதுக்கப்புறம் வந்தவங்க எல்லாரும் அவர் குமட்டலை வாங்கிக்கிட்டுத்தான் புத்தகத்தையே திறந்தாங்க. அவங்களுக்கும் குமட்டுச்சு. அதுவும் கணக்குல சேர்ந்துச்சு. குட்டி போட்டுக்கிட்டே போகுது.”

திரையில் தேடல் வரிசை முழுதும் தெரிந்தது. மேலே மழையும் மல்லிகையும் காதலும் வழிகிற நாவல்கள். ஜெனிட்டா கீழே தள்ளிக்கொண்டே போனாள். அடிமட்டத்தில் சுடுகாட்டில் வேலை செய்பவர்களின் கதை, தோல் பதனிடுபவர்களின் கதை, பன்றி வளர்ப்பவர்களின் கதை, பிரசவ வார்டுபற்றி ஒரு செவிலியர் எழுதியது, கடைசியில் ‘செதில் கைகள்’. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு சிவப்புப் புள்ளி.

“சிவப்புன்னா என்ன மேடம்?”

“பருவத்தேர்வு முடிஞ்சதும் நூலகக் குழு கூடும். சிவப்புப் புள்ளி உள்ளதெல்லாம் பழைய பேப்பருக்குப் போகும். இடம் பத்தலையாம்.” மும்தாஜ் குரலைத் தாழ்த்தினார். “முதல்ல படிச்சவர் யாருன்னு நான் சொல்லக்கூடாது. ஆனா கீழே வாசல்ல படம் மாட்டியிருக்காங்க. போறப்ப பார்த்துக்க.”

வாசலில் ‘நமது முதல் உணர்வுரையாளர்’ என்ற எழுத்துக்களுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் தயாளன். ஜெனிட்டாவின் ஆய்வு நெறியாளர்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘செதில் கைகள்’ வெளிவந்த காலத்தில் அதைப்பற்றி மதிப்புரை எழுதிய ஒரே ஆள் அவர்தான். ‘உழைக்கும் பெண்களின் வியர்வையால் என் மனதைக் கழுவிய புத்தகம்’ என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவரிடமே ஆய்வு செய்ய வேண்டும் என்று அவள் வந்து சேர்ந்தாள்.

அவர் அறைக்குப் போய், அந்தக் குமட்டல் அவருடையதுதானா என்று கேட்டாள். தயாளன் சங்கடப்படவில்லை. தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுப் புன்னகைத்தார்.

“எழுத்துங்கறது ஒரு நாகரிகம்மா. மனசு அதுக்குக் கட்டுப்படும். உடம்பு கட்டுப்படாது. நான் என்ன செய்யட்டும்?”

“எங்க ஜனங்களப் பார்த்தா உங்களுக்குக் குமட்டுதா சார்?”

“நான் அப்படிச் சொன்னேனா? நீயா ஏன் அர்த்தம் பண்ணிக்கிற? பட்டை எதையாவது சொல்லுதா?” கோப்பையை வைத்தார். “நான் சொல்றதைக் கேளு. அந்த நாவலை விட்டுரு. சிவப்புப் புள்ளிப் புத்தகத்தை வச்சு ஆய்வு பண்ணினா ஆய்வுக் குழு ஏத்துக்காது. உன் எதிர்காலத்துக்குத்தான் சொல்றேன்.”

ஜெனிட்டா அன்றைக்கே நாவலை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு படித்தாள். நடுவில் இரண்டு மூன்று முறை கொல்லைக்கு ஓடினாள். ஆனாலும் விடவில்லை. படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. புத்தகத்தில் அருவருக்க எதுவுமே இல்லை. பெண்கள் வெயிலில் மீனைப் புரட்டுகிறார்கள், பாடுகிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். ஒரே ஓர் இடம் மட்டும் வேறு. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது யாராவது மீனை ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று களத்து முதலாளி வாசலில் நின்று பெண்களின் மடியில் கையை விட்டுப் பார்க்கிறான். முதலாளி இல்லாத நாட்களில் கல்லூரியில் படிக்கும் அவன் மகன் அந்த வேலையைச் செய்கிறான். அப்பனாவது மடியோடு நிறுத்திக்கொள்வான்.

அந்தப் பக்கத்தில் அவளுக்கு மறுபடியும் குமட்டியது. இந்த முறை யாரிடமிருந்தும் கடன் வாங்கியது அல்ல. அது அவளுக்கே தெரிந்தது.

“எம்மா” என்று கூப்பிட்டாள். சலேத்தம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். “கிட்ட வாம்மா. மெட்டில்டாக்கா இதுல எழுதியிருக்கிறது நிஜமா?”

ஜெனிட்டா வாசித்துக் காட்டிய சில வரிகளைக் கேட்டுவிட்டுச் சலேத்தம்மாள் தரையைப் பார்த்தாள். “நெசந்தான். நாங்க எல்லாரும் வரிசையா நிப்போம். இத எதுக்குட்டி இப்பம் படிக்க?”

ஜெனிட்டா நடந்ததையெல்லாம் சொன்னாள். நாற்காலி, பட்டை, குமட்டல், எல்லாம். “ஒன் கையப் பார்த்து நான் மூஞ்சியத் திருப்பினேன்லம்மா. அது என்னோடது இல்லம்மா. இந்த ஆளோடது” என்று அழுதுகொண்டே கைபேசியில் இருந்த தயாளனின் படத்தைக் காட்டினாள்.

சலேத்தம்மாள் கைபேசியை வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்தாள். முகம் கல்லாய்ப் போயிற்று.

“இவன் மொதலாளி மவன்லா.”

“யாரு?”

“எங்க மடியப் பார்த்தவன். அப்பன் செத்ததும் களத்த வித்துட்டுப் போயிட்டானுவ. மயிரு கொட்டிட்டு. ஆனா இந்தச் சிரிப்பு மாறல.” கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்த கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

நூலகக் குழு கூடிய அன்று ஜெனிட்டா முறைப்படி அனுமதி கேட்டு உள்ளே போனாள். நீள மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள். தலைமைக்குப் பக்கத்தில் தயாளன். அவள் கேட்டுக்கொண்டபடி, முதல் வாசகரின் உடம்பு எந்தப் பக்கத்தில் எப்படித் துடித்தது என்பதை மும்தாஜ் சுவரில் காட்டினார். கருவாட்டுப் பக்கங்களிலெல்லாம் கோடு சமனாகக் கிடந்தது. மடிச் சோதனை வரும் பக்கத்தில் மட்டும் செங்குத்தாக எழுந்து நின்றது. ஜெனிட்டா அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தாள்.

“இந்தப் புத்தகம் நாறுதுன்னு தூக்கிப் போடப் போறீங்க. நாறுறது எதுன்னு இப்ப பார்த்துட்டீங்க” என்றாள். “என் அம்மா அந்த வரிசையில நின்னவங்க. வாசல்ல நின்ன மகன் யாருன்னு தயாளன் சாரைக் கேளுங்க.”

எல்லோரும் தயாளனைப் பார்த்தார்கள். அவர் மெல்லக் கண்களை மூடித் திறந்தார்.

“என் தகப்பனாருக்குக் களம் இருந்தது உண்மை. நான் அந்தக் காலத்துல வெளியூர்ல படிச்சுக்கிட்டிருந்தேன். பாவம், வயசான அம்மா, யாரையோ நினைச்சு யாரையோ சொல்றாங்க. அதுக்காக நான் வருத்தப்படல.” சுவரில் நின்ற கோட்டைக் கையால் காட்டினார். “அந்தப் பொண்ணுங்களுக்கு நடந்த கொடுமையைப் படிச்சப்போ என் உடம்பு என்ன பாடுபட்டுதுன்னு நீங்களே பார்க்கிறீங்க. இதுக்கு மேல நான் என்ன சாட்சி சொல்ல?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். “எப்பேர்ப்பட்ட இளகின மனசு!” என்றார். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ‘செதில் கைகள்’ பழைய பேப்பருக்குப் போகவேண்டாம், பேராசிரியர் தயாளன் பரிந்துரை என்று ஒரு தனி அடையாளத்தோடு அது நூலகத்தில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. தயாளன் எழுந்து எல்லோருக்கும் கைகூப்பினார். ஜெனிட்டாவுக்கும் கூப்பினார்.

மற்ற சிவப்புப் புள்ளிப் புத்தகங்களெல்லாம் சாக்கில் கட்டப்பட்டுப் போயின.

ஜெனிட்டா கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். காரணம் பதிவாகாத எந்த ஓட்டையால் தன் அம்மா அசிங்கமாகத் தெரிந்தாளோ, அதே ஓட்டை வழியாக அந்த ஆள் சுத்தமாக வெளியே வந்துவிட்டான். மும்தாஜ் பின்னாலேயே வந்து நின்றார்.

“நெறியாளரை மாத்தச் சொல்லி எழுதிக் கொடு. அது உன் பாடு” என்றார். “ஆனா அந்தப் புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொருத்தரும் இன்னும் அவன் குமட்டலைத்தான் வாங்கப் போறாங்க. அதை மாத்தணும்னா, இந்த நாற்காலியில ஒரு தடவைகூட உட்காராத ஆள் ஒருத்தர் அதைப் படிக்கணும். யாராவது இருக்காங்களா?”

சலேத்தம்மாள் வந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும், கண்தான் சரியில்லை. சாய்வு நாற்காலியின் நுனியில் கூச்சத்தோடு உட்கார்ந்துகொண்டாள். மும்தாஜ் பட்டையை மாட்டிவிட்டார். உணர்வுரைப் பொத்தானை யாரும் தொடவில்லை. ஆகவே ஜெனிட்டாதான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். இரண்டு மூன்று நாள் அப்படியே வந்து போனார்கள். சலேத்தம்மாள் சில இடங்களில் தலையாட்டினாள், சில இடங்களில் “அப்படி இல்லட்டி, அவா பொய் எழுதியிருக்கா” என்று செல்லமாகக் கோபப்பட்டாள்.

மடிச் சோதனைப் பக்கம் வந்தது. ஜெனிட்டா தயங்கினாள். “இத விட்டுரவாம்மா?”

“படி.”

வாசித்தாள். பாதிப் பக்கம்கூடத் தாண்டவில்லை, சலேத்தம்மாளின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடப் போனாள் ஜெனிட்டா. அழுகை இல்லை, சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் நீர் வழிய அப்படி ஒரு சிரிப்பு. திரையில் மும்தாஜ் பார்த்தறியாத ஒரு கோடு துள்ளித் துள்ளி ஓடியது.

“எம்மா, என்னம்மா?”

“கடைசில நடந்ததக் கள்ளி எழுதாம விட்டுட்டா பாரு!” சலேத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அந்த மவன்காரன் தொல்ல தாங்காம ஒருநாளு மெட்டில்டா என்ன செஞ்சா தெரியுமா? வெயில்ல போட்டுப் புழு நெளிய வச்ச கெளுத்திக் கொடல மடி நெறய கட்டிக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாரி வரிசைல வந்து நின்னா. அவன் இளிச்சுக்கிட்டே கைய விட்டாம்பாரு! மணிக்கட்டு வர உள்ள போயிட்டு. வெளிய எடுத்தா வெரல் இடுக்குல எல்லாம் புழு. அங்கனயே வாந்தி. வாந்தி எடுத்துக்கிட்டே கடலப் பாத்து ஓடுனான். நாங்க அத்தன பேரும் நின்னு சிரிச்சோம். அப்பங்காரன் என்ன விஷயம்னு கேட்டான், ஒருத்தி வாயத் தொறக்கல. அதுக்கப்புறம் அவன் எங்க மடிப் பக்கமே வரல.”

மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டார். ஜெனிட்டா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் பிசுபிசுப்பு, விரல்களுக்கு நடுவே நெளியும் அருவருப்பு, தேய்த்துக் கழுவவேண்டும் என்ற அந்தத் தவிப்பு. இளகின மனசும் இல்லை, குற்ற உணர்ச்சியும் இல்லை. இத்தனை வருஷமும் இந்தப் பல்கலைக்கழகமே கழுத்தில் மாட்டிக்கொண்டு உணர்ந்து பார்த்தது மெட்டில்டாவின் கெளுத்திக் குடலைத்தான்.

அவள் அம்மாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். குமட்டல் வரத்தான் செய்தது. கையை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் புதுப் பருவம் தொடங்கியது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி ‘பேராசிரியர் தயாளன் பரிந்துரை’ என்ற அடையாளத்தைப் பார்த்து அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே தற்செயலாக வந்த தயாளன், தன் பெயரைத் திரையில் கண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் முகம் சுளித்தது. வாயைப் பொத்தினாள். உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்தாள். தயாளன் திருப்தியோடு தலையசைத்தார்.

பிறகு அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தவள், மரியாதைக்காக அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என்னத்துக்கென்று தெரியாமலே, சிரித்தாள்.